பிக்கப்புக்குப் பெரிய டயர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பெனி கொடுத்த அளவை விடப் பெரிய டயரை பிக்கப்பில் மாட்டி, கல்லிலும் மணலிலும் சேற்றிலும் ஓட்ட நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. என் வண்டியில் இந்த வேலையை இரண்டு முறை செய்திருக்கிறேன்; முதல் முறை கணக்குப் பார்க்காமல், இரண்டாம் முறை பார்த்து. உதாரணக் கணக்குகள் எல்லாம் 265/65 ஆர்17 என்ற அளவிலிருந்து 285/70 ஆர்17 என்ற அளவுக்குப் போவதை வைத்தே இருக்கும். நடுத்தர பிக்கப் வைத்திருக்கும் பலர் செய்கிற மாற்றம் இதுதான். உங்கள் வண்டியின் அளவு வேறு என்றால் எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குப் பெரிய டயர் தேவைதானா?

கேட்கிறவர்களில் பாதிப் பேருக்குத் தேவையில்லை என்பது என் கருத்து. மண்பாதை, லேசான மணல், மழைக்காலச் சேறு, அவ்வப்போது ஒரு ஓடையைக் கடப்பது என்று இருந்தால், கம்பெனி அளவிலேயே நல்ல ஏடி (ஆல்-டெரெய்ன், எல்லாத் தரைக்குமான) டயரும் நம்பகமான ஒரு காற்று கம்ப்ரஸரும் போதும். வழியில் மாட்டிக்கொண்டு நின்ற வண்டிகள் பலவற்றைக் கயிறு கட்டி இழுத்திருக்கிறேன். டயர் சின்னதாக இருந்ததால் நின்றவை அவற்றில் கொஞ்சம்தான். காற்றைக் குறைக்காமலே மணலில் இறங்கி நின்றவைதான் அதிகம்.

வண்டியின் அடி தட்டுகிறதா என்று பாருங்கள், அதுதான் அளவுகோல். பின் ஆக்ஸிலின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர்த் தொகுதி) கூடு பாறையில் இடிக்கிறது, மற்ற வண்டிகள் உழுதுவிட்டுப் போன ஆழமான தடத்தில் நடுமேடு உரசுகிறது என்றால், அப்போது பெரிய டயருக்கு ஒரு காரணம் இருக்கிறது. உங்களுக்குத் தேவைப்படும் வேலையைச் செய்து முடிக்கும் அளவுகளில் எது சிறியதோ அதை எடுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த ஒரு வரியைத்தான் விரித்துச் சொல்கின்றன. டயர் ஒவ்வொரு அளவு பெரிதாகும்போதும் பிரேக், ஸ்டீயரிங், கியர், சஸ்பென்ஷன் எல்லாம் அதற்கு விலை கொடுக்கின்றன.

டயரின் பக்கத்தில் இருக்கும் எண்களை வைத்து உயரத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

265/65 ஆர்17 என்றால், டயரின் அகலம் 265 மில்லிமீட்டர். 65 என்பது அந்த அகலத்தில் 65 சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பதைக் குறிக்கிறது. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். நடுவில் இருக்கும் ஆர் என்ற எழுத்து ரேடியல் டயர் என்பதைச் சொல்கிறது.

கணக்கு இதுதான். 265-ல் 65 சதவீதம் 172.25. ரிம்முக்கு மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒன்று, ஆக 344.5. ரிம் 17 அங்குலம், அதாவது 431.8 மில்லிமீட்டர். கூட்டினால் 776 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட 30.6 அங்குலம். இதே வழியில் 285/70 ஆர்17 டயருக்குப் போட்டால் 831 மில்லிமீட்டர் வரும், 32.7 அங்குலம். பேச்சில் "33 டயர்" என்று சொல்வது இதைத்தான். இடையில் 265/70 ஆர்17 என்று ஒன்று இருக்கிறது, 803 மில்லிமீட்டர். பலருக்குப் பொருத்தமான அளவு அதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

33x12.50 ஆர்15 என்று எழுதியிருந்தால் அது வேறு முறை. விட்டம் 33 அங்குலம், அகலம் 12.5 அங்குலம், ரிம் 15 அங்குலம் என்று நேராகவே படிக்கலாம்.

அச்சிட்ட எண்ணை வைத்து வருவது ஏட்டுக் கணக்கு. ஒரே அளவு எழுதிய இரண்டு கம்பெனி டயர்கள் உயரத்திலும் அகலத்திலும் பல மில்லிமீட்டர் வித்தியாசப்படும். வாங்குவதற்கு முன் அந்த மாடலுக்குத் தயாரிப்பாளர் கொடுத்திருக்கும் உண்மையான அளவைப் பாருங்கள்.

அப்படியானால் வண்டி 55 மில்லிமீட்டர் உயருமா?

உயராது. ஆக்ஸில் டயரின் நடுவில் இருக்கிறது. விட்டம் 55 மில்லிமீட்டர் கூடினால் ஆக்ஸில் அதில் பாதிதான் மேலே போகும், 27 மில்லிமீட்டர். 265/70-க்குப் போனால் 13 மில்லிமீட்டர். கேட்கும்போது சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் பின் டிஃபரன்ஷியலின் அடியில் இடைவெளியைக் கூட்ட டயரைத் தவிர வேறு நடைமுறை வழி இல்லை. சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தினாலும் உடம்பும் சேஸிஸும்தான் மேலே போகும். பின் ஆக்ஸில் தரையிலிருந்து அதே உயரத்தில்தான் இருக்கும். ஆகவே அந்த 27 மில்லிமீட்டருக்கு நான் நிறைய மதிப்புக் கொடுப்பேன்.

இன்னொரு லாபமும் உண்டு. பெரிய சக்கரம் ஒரு கல்லையோ குழியின் விளிம்பையோ, தன் உயரத்தோடு ஒப்பிட்டால், சின்னச் சக்கரத்தை விடத் தாழ்வான இடத்தில் தொட்டு, சரிவான கோணத்தில் ஏறிவிடும். பக்கச்சுவர் உயரமாக இருப்பதால் காற்றைக் குறைத்தால் நன்றாக நெளிந்து தரையைப் பிடிக்கும்.

எதையும் வெட்டாமல் எவ்வளவு பெரிய டயர் போடலாம்?

வண்டிக்கு வண்டி மாறும். ஒரே மாடலில்கூட ரிம், சஸ்பென்ஷன், பம்பர் மாறினால் பதில் மாறிவிடும். "இந்த மாடலுக்கு 33 உட்காரும்" என்று ஒருவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சமதரையில் உட்காரும் டயர் எல்லா இடத்திலும் உட்காரும் என்று அர்த்தமில்லை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் முறை 285/70 மாட்டியபோது, நிறுத்திய இடத்தில் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்துப் பார்த்தேன், எங்கேயும் படவில்லை. சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது வாரம், காய்ந்த ஓடை ஒன்றில் இறங்கும்போது இடது முன் சக்கரம் ஒரு பாறையில் ஏறியது. அந்தப் பக்க ஸ்பிரிங் முழுதும் அமுங்கி, ஸ்டீயரிங்கும் முழுதாக ஒடித்த நிலையில் இருந்தது. பின்னோக்கிச் சுழன்ற டயர் மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் லைனரைப் பிய்த்து எடுத்து, கேபின் மவுண்டில் போய் இடித்தது. பக்கச்சுவரில் ஆழமான கீறல். புது டயர், ஒரு மாதம்கூட ஆகவில்லை.

உரசும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்: முன் பம்பரின் கீழ் மூலை, மட்கார்டின் உள் லைனர், சக்கரத்துக்குப் பின்னால் கேபினைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் கேபின் மவுண்ட், உள் பக்கம் சேஸிஸும் ஆன்டி-ரோல் பாரும் (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி), அப்புறம் மேல் கண்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் மேல் கை). மட்ஃபிளாப்பும் உண்டு, அதைக் கழற்றியோ பின்னால் தள்ளியோ சமாளிக்கலாம்.

சரியாகச் சோதிக்க வேண்டுமானால் சஸ்பென்ஷனை அமுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு முன் சக்கரத்தை உறுதியான சாய்தளத்தில் ஏற்றுங்கள். அந்தப் பக்கம் அமுங்கும். அந்த நிலையில் ஸ்டீயரிங்கை மெதுவாக ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை திருப்பச் சொல்லி, நீங்கள் வெளியே பாதுகாப்பான தூரத்தில் நின்று டார்ச் அடித்துப் பாருங்கள். அடுத்த பக்கத்துக்கும் இதையே செய்யுங்கள். பின்னால் எடுக்கும்போதும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். முன்னால் போகும்போது படாதது அப்போது படுவதுண்டு. எந்தக் காரணத்துக்காகவும் ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள்.

லைனர் லேசாக உரசினால் ஹீட் கன்னால் சூடாக்கி உள்ளே தள்ளிவிடலாம். கேபின் மவுண்டை வெட்டி மூடி வெல்டிங் வைப்பது வேறு வகையான வேலை. கேபினின் எடையைத் தாங்கும் இடம் அது. விபத்தில் உங்களைக் காப்பாற்றும் அமைப்பின் ஒரு பகுதி. அதைத் தெரிந்தவர் கையில் மட்டும் கொடுங்கள். வெட்டாமல் முடிகிற அளவுக்கு டயரைக் குறைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

லிஃப்ட் கிட் போட்டுவிட்டால் உரசாது அல்லவா?

இந்த நம்பிக்கைதான் நிறையப் பேரை ஏமாற்றுகிறது. சஸ்பென்ஷன் லிஃப்ட் வண்டி நிற்கும்போது சக்கரத்துக்கு மேலே இருக்கும் இடைவெளியைக் கூட்டும். ஆனால் ஸ்பிரிங் முழுதும் அமுங்கும்போது சக்கரம் எங்கே போய் நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பு. அதை மாற்றாதவரை, 2 அங்குலம் உயர்த்திய வண்டியிலும் உயர்த்தாத வண்டியிலும் சக்கரம் மேலே போய் நிற்கும் இடம் ஒன்றுதான். உரசல் தள்ளிப்போகும், போய்விடாது. டயருக்கு ஏற்றபடி பம்ப் ஸ்டாப்பை நீளமாக்கினால் உரசல் நிற்கும், பதிலுக்குச் சக்கரத்தின் மேலோட்டம் கொஞ்சம் குறையும்.

பாடி லிஃப்ட் என்பது கேபினுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் கட்டைகள் வைத்து உடம்பை மட்டும் உயர்த்துவது. டயருக்கு இடம் நிஜமாகவே கிடைக்கும், ஆனால் அடி இடைவெளி அதிகரிக்காது. வயர்களும் ஹோஸ்களும் ஸ்டீயரிங் தண்டும் இழுபடுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். எனக்கு அதில் விருப்பமில்லை.

முன்பக்கம் தனித்தனி சஸ்பென்ஷன் இருக்கும் பிக்கப்பில் 2 அங்குலத்துக்கு மேல் உயர்த்துவதற்கு முன் நன்றாக யோசியுங்கள். முன் டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் சிவி ஷாஃப்ட் செங்குத்தான கோணத்தில் வேலை செய்ய ஆரம்பிக்கும். அதன் ரப்பர் உறை கிழியும், மூட்டு தேயும். ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்ப உதவும் காஸ்டர் கோணமும் குறையும். வண்டி நெடுஞ்சாலையில் அலைபாய்வது போல் இருக்கும். உயர்த்தினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம். காஸ்டரைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை என்றால் மேல் கண்ட்ரோல் ஆர்மை மாற்ற வேண்டியிருக்கும். ஹெட்லைட் மேலே தூக்கிவிடும், அதையும் இறக்குங்கள். எதிரே வருகிறவரின் கண்ணும் முக்கியம்.

ரிம்மையும் மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் தேவையில்லை. 285/70 ஆர்17 டயர் 7.5 முதல் 9 அங்குலம் வரை அகலமான ரிம்மில் உட்காரும். பல பிக்கப்புகளின் ரிம் 7.5 அங்குலம்தான். ஆனால் அகலம் 20 மில்லிமீட்டர் கூடுவதால் உள் பக்கமாக 10 மில்லிமீட்டர் போகும். கண்ட்ரோல் ஆர்மில் படுகிறதா என்று அந்த இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

படுகிறது என்றால் ஆஃப்செட் குறைந்த ரிம் போடுவார்கள். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் ஹப்பில் ஒட்டும் முகத்துக்கும் உள்ள தூரம்தான் ஆஃப்செட். +30 இருந்த இடத்தில் 0 ஆஃப்செட் ரிம் போட்டால் சக்கரம் முழுவதும் 30 மில்லிமீட்டர் வெளியே வரும். ரிம் 7.5-லிருந்து 8.5 அங்குலமாகவும் ஆகிறது என்றால் வெளி விளிம்பு சுமார் 43 மில்லிமீட்டர் தள்ளி நிற்கும். பார்க்க கம்பீரமாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சக்கரம் வெளியே போகப் போக, ஒடிக்கும்போது அது வரையும் வளைவு பெரிதாகும். உள்ளே உரசாமல் காப்பாற்றிய டயர் பம்பரிலும் கேபின் மவுண்டிலும் இடிக்க ஆரம்பிக்கும். வீல் பேரிங், பால் ஜாயிண்ட் இரண்டுக்கும் சுமை கூடும். குழியில் விழுந்தால் ஸ்டீயரிங் கையை வெட்டி இழுக்கும். தேவைக்கு மேல் ஒரு மில்லிமீட்டர்கூட வெளியே தள்ளாதீர்கள்.

ஸ்பேசர் பற்றியும் கேட்கிறார்கள். ஹப்பில் கச்சிதமாக உட்காரும் நல்ல ஸ்பேசரைச் சரியான முறுக்கத்தில் மாட்டினால் அதுவும் ஆஃப்செட் மாற்றம் போலத்தான் வேலை செய்யும். ஹப்பில் உட்காராமல் போல்ட்டுகளை மட்டும் நம்பி நிற்கும் மலிவான தகடுகளைத் தொடவே வேண்டாம்.

அகலமான டயரா, ஒல்லியான உயரமான டயரா?

உயரம் எனக்கு லாபம் தருகிறது. அகலம் பெரும்பாலும் எடையையும் உரசலையும்தான் தருகிறது. 255/80 ஆர்17 என்று ஓர் அளவு இருக்கிறது. உயரம் 840 மில்லிமீட்டர், அதாவது முழு 33 அங்குலம். ஆனால் 285-ஐ விட 30 மில்லிமீட்டர் ஒல்லி. ஸ்டீயரிங் லேசாக இருக்கும், உள்ளே வெளியே உரசுவது குறையும், மேலே சேறும் கீழே கெட்டித் தரையும் இருந்தால் வெட்டிக்கொண்டு கீழே போய்ப் பிடிக்கும். இரண்டாம் முறை நான் எடுத்தது இதைத்தான்.

அகலம் ஜெயிக்கும் இடம் ஆழமான மென்மணலும் அடியே இல்லாத சதுப்பும். அங்கே மிதக்க வேண்டும். ஆனால் காற்றைக் குறைக்கும்போது டயரின் தடம் அகலத்தில் கூடுவதை விட நீளத்தில்தான் அதிகம் கூடுகிறது. ஒல்லி டயரும் மணலில் நன்றாகவே நடக்கும்.

ஏடியா, எம்டியா?

ஏடி டயர் எல்லாத் தரைக்கும் ஓரளவு பொருந்தும். எம்டி (மட்-டெரெய்ன்) சேற்றுக்கும் பாறைக்கும். பெரிய பட்டன்கள் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டிகள்), நடுவில் அகலமான பள்ளம், சுழலும்போது சேற்றை வீசி எறியும். ஈரமான தார்ச்சாலையில் அதே பட்டன்கள் குறைவாகத்தான் பிடிக்கும், பிரேக் தூரம் கூடும், இரைச்சலும் கேட்கும். நூற்றுக்கு எண்பது கிலோமீட்டர் தார்ச்சாலையில் ஓடும் வண்டிக்கு ஏடி போடுங்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு மழையில் ஓட்டுவதும் அந்த எண்பதில்தான் வருகிறது.

லோட் இண்டெக்ஸ், பிளை என்பதெல்லாம் என்ன?

டயர் அளவுக்குப் பக்கத்தில் 112, 116, 121 என்று ஓர் எண்ணும் அதன்பின் ஓர் எழுத்தும் இருக்கும். எண் அந்த ஒரு டயர் தாங்கும் எடை: 112 என்றால் 1120 கிலோ, 116 என்றால் 1250, 121 என்றால் 1450. எழுத்து வேக எல்லை: க்யூ மணிக்கு 160 கிலோமீட்டர், எஸ் 180, டி 190. கம்பெனி டயரில் இருக்கும் எடை எண்ணுக்குக் கீழே எப்போதும் இறங்கக் கூடாது. பிக்கப் என்பது சுமை ஏற்றும் வண்டி.

எல்டி என்று தொடங்கும் டயர்கள் லேசான டிரக்குக்கானவை. சி, டி, இ என்று அடுக்குத் தரம் இருக்கும். வழக்கில் இவற்றை 6, 8, 10 பிளை என்பார்கள். இ தரம் கூரான கல்லைத் தாங்கும், ஆனால் கனமானது, விறைப்பானது. சுமை ஏற்றாத நடுத்தர பிக்கப்பில் அது முதுகை உலுக்கும். கல் கொட்டிய பாதையில் அதிகம் போகிறவர்கள் தவிர மற்றவர்களுக்கு சி தரமே போதும் என்று பார்த்திருக்கிறேன். அதே சுமையைத் தாங்க எல்டி டயருக்குக் கார் வகை டயரை விடக் கூடுதல் காற்று வேண்டும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் எண் பழைய டயருக்கானது. அதை அப்படியே வைத்தால் புது டயரில் காற்றுப் போதாமல் போகலாம். டயர் கம்பெனியின் சுமை அட்டவணையைப் பாருங்கள்.

வண்டி மந்தமாகிவிட்டதே, மைலேஜும் இறங்கிவிட்டதே?

இரண்டுக்கும் காரணம் உண்டு, மைலேஜில் கொஞ்சம் கணக்குப் பிழையும் உண்டு. 831-ஐ 776-ஆல் வகுத்தால் 1.07. சக்கரம் ஒரு சுற்றுக்கு 7 சதவீதம் அதிக தூரம் போகிறது. ஸ்பீடோமீட்டருக்கு அது தெரியாது. முள் 100 காட்டினால் முன்பு போன வேகத்தை விட 7 சதவீதம் கூடுதலாகப் போகிறீர்கள். கம்பெனியிலேயே முள் கொஞ்சம் கூட்டிக் காட்டும்படி வைத்திருப்பார்கள், அந்தப் பாதுகாப்பு இப்போது கரைந்துவிட்டது. ஜிபிஎஸ் வைத்து ஒருமுறை ஒப்பிட்டு, வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அளவைத் திருத்தச் சொல்லுங்கள்.

ஓடிய தூரமும் குறைவாகப் பதியும். உண்மையில் 1000 கிலோமீட்டர் போயிருந்தால் மீட்டரில் 934 இருக்கும். 100 லிட்டர் செலவாகியிருந்தால் மைலேஜ் 9.3 என்று தெரியும், நிஜம் 10. முதலில் இதைத் திருத்திவிட்டு அப்புறம் எவ்வளவு இறங்கியது என்று பாருங்கள். அதற்குப் பிறகும் இறக்கம் இருக்கும். கனமான டயர், முரட்டுப் பட்டன்கள், உயர்ந்த வண்டியில் மோதும் காற்று, எல்லாம் எரிபொருளைத் தின்னும்.

மந்தம் ஏன் என்றால், டிஃபரன்ஷியலின் கிரவுன்-பினியன் விகிதம் 3.9 என்று வைத்துக்கொண்டால், பெரிய டயரோடு அது 3.64 போலத்தான் நடந்துகொள்ளும். எல்லாக் கியரும் கொஞ்சம் நீண்டுவிட்டது. பழைய இழுவை வேண்டும் என்றால் 3.9-ஐ 1.07-ஆல் பெருக்கி, 4.17-க்கு அருகில் கிடைக்கும் கிரவுன்-பினியன் செட் போட வேண்டும். 4x4 வண்டியில் முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில் இரண்டையும் மாற்ற வேண்டும்; ஒன்றை மட்டும் மாற்றி 4x4 போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பெட்டி) உடையலாம். 7 சதவீதத்துக்காக நான் அதைச் செய்யவில்லை, ஏற்றத்தில் ஒரு கியர் முன்னதாகவே இறக்கிக்கொள்கிறேன். 35 அங்குலம் போடுகிறவர்கள் இந்தச் செலவையும் சேர்த்துத் திட்டமிடுங்கள். பாறையில் லோ கியரில் ஊர்ந்து இறங்கும்போது அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

பிரேக், ஸ்டீயரிங் தாங்குமா?

வேலை செய்யும், ஆனால் முன்பு போல இல்லை. பிரேக் கொடுக்கும் முறுக்கு மாறவில்லை. அது தரையில் வேலை செய்யும் நெம்புகோல் 7 சதவீதம் நீண்டுவிட்டது. அதே நிறுத்தத்துக்குப் பெடலை அதிகம் அழுத்த வேண்டும். தவிர, கம்பெனி டயர் ஒன்று 16 கிலோ அளவில் இருந்தால், 285/70 இ தரம் 25 கிலோவைத் தொடும், சில எம்டி அதையும் தாண்டும். அந்த எடை சுழல்கிற எடை, அதுவும் சக்கரத்தின் வெளி விளிம்பில். வேகம் எடுக்கவும் நிறுத்தவும் இரண்டுக்கும் அது எதிராக நிற்கும்.

மிகவும் கவலைப்பட வேண்டியது நீண்ட மலை இறக்கம். எஞ்சின் பிரேக்கும் அதே 7 சதவீதம் குறைந்துவிட்டது. பழைய பழக்கத்தில் அதே கியரில் இறங்கினால் வண்டி ஓடும், நீங்கள் பிரேக்கை மிதிப்பீர்கள், பேடு சூடேறும், பெடல் மெதுமெதுவென்று போகும். ஒரு கியர் கீழே வைத்து இறங்குங்கள். நல்ல பேடும் புது பிரேக் ஃப்ளூயிடும் டயர் வாங்கும் பணத்தோடு சேர்த்து ஒதுக்க வேண்டியவை. டை ராடு எண்ட், பால் ஜாயிண்ட், வீல் பேரிங் ஆகியவற்றை இனி அடிக்கடி ஆட்டிப் பார்க்க வேண்டும்.

காற்று எவ்வளவு வைப்பது?

டயர் எவ்வளவு பெரியது என்பதை விட இதுதான் வண்டியை எங்கே கொண்டுபோகும் என்பதைத் தீர்மானிக்கிறது. நடுத்தர பிக்கப்பில், அதிகச் சுமை இல்லாமல், நான் வைப்பதைச் சொல்கிறேன். தார்ச்சாலையில் 34 முதல் 36 பிஎஸ்ஐ. நீண்ட கரட்டு மண்பாதையில் 25. பாறையிலும் சேற்றிலும் 18 முதல் 22. மென்மணலில் 15 முதல் 18. மணலில் 15-லும் திணறினால் 12 வரை போயிருக்கிறேன், அதற்குக் கீழே சாதாரண ரிம்மில் போக மாட்டேன். திருப்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். பீட்லாக் ரிம் (டயரின் விளிம்பை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம்) இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு.

காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும். 18-ல் வைத்துக்கொண்டு வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் நெளிந்து நெளிந்து சூடேறி உள்ளேயே பிய்ந்துவிடும். வெளியே தெரியாது, வேறொரு நாள் நெடுஞ்சாலையில் வெடிக்கும். கூர்மையாகத் திருப்பாதீர்கள், மணலில் சட்டென்று பிரேக் போடாதீர்கள். பக்கச்சுவர் பிதுங்கி நிற்பதால் கூர்க்கல் அங்கே குத்தும் அபாயமும் கூடுகிறது. தார்ச்சாலை வந்ததும் அங்கேயே ஓரமாக நிறுத்திக் காற்றடியுங்கள். "அடுத்த பங்கில் பார்த்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் நான் வண்டியை எடுக்கவே மாட்டேன்.

தார்ச்சாலைக்குச் சரியான அழுத்தம் எது என்று பார்க்க, பட்டன்களின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, நேரான சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. சுமை தாங்கத் தேவையான அளவுக்குக் கீழே மட்டும் இறங்கிவிடாதீர்கள்.

ஸ்டெப்னியைப் பழைய அளவிலேயே விட்டுவிடலாமா?

வேண்டாம். பார்ட்-டைம் 4x4-ல் (தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இயக்கும் வண்டியில்), முன் பின் ஆக்ஸில்களுக்கு நடுவில் வித்தியாசத்தைச் சமன்செய்ய எதுவும் இல்லை. நான்கில் ஒரு சக்கரம் 7 சதவீதம் சின்னதாக இருந்து, கெட்டித் தரையில் 4x4 போட்டால் கியர்களும் ஷாஃப்டுகளும் முறுக்கிக்கொள்ளும். பஞ்சர் ஆவது பெரும்பாலும் 4x4 தேவைப்படும் இடத்தில்தான். ஐந்தாவது டயரும் அதே அளவில் வாங்குங்கள், சுழற்சியில் சேர்த்து ஓட்டுங்கள். ஐந்தும் ஒன்றாகத் தேயும்.

பிக்கப்பின் பெட்டிக்கு அடியில் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில் அது உட்காருமா என்றும் அளந்து பாருங்கள். சேஸிஸுக்கும் பம்பருக்கும் நடுவில் 831 மில்லிமீட்டர் எல்லா வண்டியிலும் கிடைக்காது. பின் ஆக்ஸில் அமுங்கும்போது ஸ்டெப்னியில் இடிக்கக் கூடாது. ஜாக்கியும் பழையது போதாது: வண்டி உயர்ந்துவிட்டது, டயரும் பெரிதாகிவிட்டது. மணலில் அது புதையாமல் இருக்க அடியில் வைக்க ஒரு தடிமனான பலகை எடுத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ டயரும் ரிம்மும் சேர்ந்தால் எவ்வளவு கனம் என்று வீட்டிலேயே ஒருமுறை கழற்றி மாட்டிப் பழகிக்கொள்வது நல்லது.

ஏபிஎஸ், கேமரா போன்றவை குழம்புமா?

நான்கு சக்கரமும் ஒரே அளவில் இருந்தால் ஏபிஎஸ் பெரும்பாலும் வழக்கம்போல வேலை செய்யும். ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல், தானாகக் கியர் மாற்றும் கணினி ஆகியவை வேகத்தைத் தவறாகக் கணிக்கும் என்பதால் டயர் அளவைத் திருத்திக்கொள்வது நல்லது. கண்ணாடிக்குப் பின்னால் கேமராவும் முன்னால் ராடாரும் உள்ள வண்டியை உயர்த்தினால் அவற்றை மறுபடி அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள்.

சட்டம், காப்பீடு?

நாட்டுக்கு நாடு மாறும். விட்டம் எவ்வளவு கூடலாம், வண்டி எவ்வளவு உயரலாம், டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாமா என்பவைதான் பெரும்பாலும் பார்க்கப்படும். டயரை வாங்குவதற்கு முன் உங்கள் ஊர் விதியைப் படித்து, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீடு மறுக்கப்பட்டால், எதிரே அடிபட்டவருக்கும் அது பாதிப்பு.

பழைய டயர் வாங்கலாமா?

வயதைப் பார்த்து வாங்கலாம். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரமும் ஆண்டும்: 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் ஆழமாக இருந்தாலும் ரப்பர் முதிர்ந்து பக்கச்சுவரில் மெல்லிய வெடிப்பு ஓடியிருந்தால் விட்டுவிடுங்கள். உள்பக்கம் ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று கழற்றிய நிலையில் பாருங்கள். பக்கச்சுவரில் ஒட்டு இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மாட்டிய பிறகு முதல் சில நாள் என்ன செய்ய வேண்டும்?

வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு, நட்சத்திர வரிசையில் இறுக்கியிருக்கிறார்களா என்று நேரில் நின்று பாருங்கள். பிறகு 80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நீங்களே மறுபடி சரிபாருங்கள். நான் மாட்டிய இடத்தில் காற்றுத் துப்பாக்கியால் மட்டும் அடித்துக் கொடுத்தார்கள். 90 கிலோமீட்டரில் பார்த்தபோது ஒரே சக்கரத்தில் இரண்டு நட்டு தளர்ந்திருந்தது. அன்று பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

வேகத்தில் அதிர்வு வந்தால் பேலன்சிங் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்; பெரிய பட்டன் டயருக்கு ஒரே முறையில் சரியாக அமைவது அரிது. ஒரு வாரம் கழித்து ஒவ்வொரு மட்கார்டுக்குள்ளும் டார்ச் அடித்து, பிளாஸ்டிக்கில் பளபளவென்று தேய்ந்த இடம் இருக்கிறதா, டயரின் தோள்பட்டையில் கோடு விழுந்திருக்கிறதா என்று தேடுங்கள். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் டயருக்குக் கிட்டே போகின்றனவா என்றும் பாருங்கள். அப்புறம் அலைன்மென்ட் காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள். முதல் 8000 கிலோமீட்டரில் டயர்களை இடம் மாற்றும்போது தேய்மானம் ஒரு பக்கமாக இருந்தால், அந்தக் காகிதத்தில் இருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுத்தான் எது நகர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியும்.